மொட்டை மாடி ஆன்டெனாவிற்கு எந்தக் கேபிள்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில வாரங்களை இன்டர்நெட், சினிமா, கேம்ஸ் என்று ஓட்டிவிடுவார்கள். அதன் பிறகு "வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் கம்ப்யூட்டரை ஒரு ரேடியோவாக மாற்றிப் பாருங்கள். யுஎஸ்பி போர்ட்டில் செருகும் ஒரு சிறிய டாங்கிள், இலவசமாகக் கிடைக்கும் ஒரு சாஃப்ட்வேர், மாடியில் ஒரு ஆன்டெனா. இவ்வளவு போதும். டிஜிட்டல் டி.வி. பார்ப்பதற்காகத் தயாரிக்கப்பட்ட ஆர்டிஎல்2832யு என்னும் சிப் உள்ள டாங்கிள்களைக் கொண்டு டி.வி. மட்டுமல்ல, வேறு பல அலைவரிசைகளையும் கேட்கலாம் என்பது 2012-ல் பரவலாகத் தெரியவந்தது. ஏறத்தாழ 24 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை இவை கேட்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ளவர்கள் ஹாம் ரேடியோவில் பேசும் நாட்களில், அது நம் தலைக்கு மேலே கடக்கும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் அவர்களின் குரலை வீட்டிலிருந்தே பிடித்திடலாம்.

கேட்பதோடு நிற்காமல் பேசவும் விரும்பினால், மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறி அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற வேண்டும். உரிமம் இல்லாமல் ஒலிபரப்பக் கூடாது. இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி தாக்கியபோது, பாரதி பிரசாத் என்ற ஹாம் தன் குழுவுடன் போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானில் தொலைபேசித் தொடர்புகள் அற்றுப்போன அந்த நாட்களில் அவருடைய ரேடியோ வழியாகத்தான் பல செய்திகள் வெளியே வந்தன.

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி சாஃப்ட்வேர் பற்றியவை. "டாங்கிள் வேலை செய்கிறது, ஆனால் சிக்னல் பலவீனமாக இருக்கிறது, எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?" என்று கேட்பார்கள். நான் பதிலுக்குக் கேட்கும் முதல் கேள்வி: "மாடியிலிருந்து என்ன கேபிள் இழுத்திருக்கிறீர்கள், எத்தனை மீட்டர்?" பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும். இரண்டாயிரம் ரூபாய் டாங்கிளையும் நல்ல ஆன்டெனாவையும் வாங்கிவிட்டு, கடைக்காரர் கொடுத்த ஏதோ ஒரு கறுப்பு ஒயரை நடுவில் போட்டால், வந்த சிக்னலில் முக்கால் பங்கு அந்த ஒயருக்குள்ளேயே தொலைந்துபோகும். அந்த முக்கால் பங்கை எந்த சாஃப்ட்வேராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

கேபிளுக்குள் என்ன இருக்கிறது?

உங்கள் வீட்டு டி.வி.க்கு வரும் கேபிளின் நுனியைச் சீவிப் பாருங்கள். நடுவில் ஒரு ஒற்றைக் கம்பி. அதைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக். அதற்கு மேலே மெல்லிய ஃபாயிலும் பின்னல் கம்பி வலையும். எல்லாவற்றையும் மூடி ஒரு மேலுறை. இதுதான் கோஆக்ஸியல் கேபிள். இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலிவர் ஹெவிசைட் 1880-லேயே இந்த அமைப்பிற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சிக்னல் நடுக் கம்பிக்கும் வலைக்கும் இடையே உள்ள பிளாஸ்டிக்கில்தான் பயணம் செய்கிறது. வெளியே உள்ள இரைச்சல் உள்ளே வராது, உள்ளே உள்ளது வெளியே கசியாது. அதாவது, வலை அடர்த்தியாக இருந்தால்.

கேபிளின் மேல் 50 ஓம், 75 ஓம் என்று எழுதியிருப்பார்கள். மல்டிமீட்டரை வைத்து அளந்து பார்த்துவிட்டு "ஒன்றுமே காட்டவில்லையே" என்று சிலர் கேட்கிறார்கள். மீட்டரில் அது காட்டாது. நடுக் கம்பியின் தடிமன், வலையின் விட்டம், நடுவில் உள்ள பிளாஸ்டிக்கின் தன்மை, இந்த மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கும் குணம் அது. ஒரு மீட்டர் வெட்டினாலும் 75 ஓம்தான், நூறு மீட்டர் வெட்டினாலும் 75 ஓம்தான். ரேடியோ அலைக்கு மட்டுமே அந்த எண் பொருந்தும்.

ஹாம் ரேடியோ செட்டுகளும் அவற்றிற்கான ஆன்டெனாக்களும் 50 ஓமிற்கு வடிவமைக்கப்பட்டவை. டி.வி., டிடிஎச் எல்லாம் 75 ஓம். காரணம் இல்லாமல் இல்லை. கேபிளில் இழப்பு மிகக் குறைவாக இருப்பது ஏறத்தாழ 77 ஓமில். அதிக பவரைத் தாங்குவது 30 ஓம் பக்கத்தில். பவர் அனுப்புகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே 50-ஐ எடுத்துக்கொண்டார்கள். வாங்கி மட்டும் பார்க்கிற டி.வி.க்காரர்கள் 75-ஐ எடுத்துக்கொண்டார்கள்.

பழைய கம்ப்யூட்டர் ஆட்களுக்கு ஒரு தகவல். இப்போது நெட்வொர்க்கிற்கு எட்டு ஒயர் உள்ள நீலக் கேபிள் போடுகிறோம். அதற்கு முன்னால் ஆபீஸ்களில் 10பேஸ்2 என்ற ஈதர்நெட் இருந்தது. அதற்குப் பயன்பட்டது ஆர்ஜி-58 என்ற மெல்லிய 50 ஓம் கோஆக்ஸியல்தான். இரண்டு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டியிருப்பார்கள். அந்த மாதிரி கழற்றிய கேபிள்கள் பழைய சாமான் கடைகளில் இன்னும் கண்ணில் படுகின்றன. எடுப்பதற்கு முன் மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஆர்க்நெட் என்று இன்னொரு நெட்வொர்க் இருந்தது. அதன் கேபிள் ஆர்ஜி-62. கைக்கு ஆர்ஜி-58-ன் அண்ணன் மாதிரி இருக்கும், ஆனால் அது 93 ஓம். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்வது கஷ்டம், எழுத்தை நம்புவதே வழி. எழுத்தே இல்லாத கேபிளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

டெசிபல் கணக்கு

கேபிளில் ஏற்படும் இழப்பை டெசிபலில் சொல்வார்கள். மூன்று எண்களை மட்டும் மனதில் வைத்தால் போதும். 3 டெசிபல் இழப்பு என்றால் பாதி பவர் போய்விட்டது. 6 டெசிபல் என்றால் கால் பங்குதான் மிச்சம். 10 டெசிபல் என்றால் பத்தில் ஒரு பங்கு.

என் வீட்டையே எடுத்துக்கொள்வோம். மாடியில் ஒரு கம்பம், கீழ்த் தளத்தில் கம்ப்யூட்டர். படிக்கட்டு ஓரமாக இறக்கி, சுவரைச் சுற்றி, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தால் 30 மீட்டர் ஆகிறது. நம்மூர் இரண்டு மாடி வீடுகள் பலவற்றில் ஏறத்தாழ இதே நீளம் வரும். 145 மெகாஹெர்ட்ஸில், 5 வாட் கொடுக்கும் ஒரு கைச் செட்டை இந்தக் கேபிளில் மாட்டினால் என்ன ஆகும்?

ஆர்ஜி-58 போட்டால் இழப்பு சுமார் 6 டெசிபல். ஆன்டெனாவிற்குப் போய்ச் சேர்வது ஒன்றேகால் வாட். மீதி மூன்றேமுக்கால் வாட் கேபிளைச் சூடாக்குவதில் போய்விட்டது. விரல் தடிமனுக்கு இருக்கும் ஆர்ஜி-213 போட்டால் இழப்பு ஏறத்தாழ 2.5 டெசிபல், மேலே 2.8 வாட் போகும். எல்எம்ஆர்-400 என்ற, நுரை பிளாஸ்டிக் உள்ள நவீன கேபிளில் 1.5 டெசிபல்தான் இழப்பு, மூன்றரை வாட் மேலே போகும். விலையும் அதற்கேற்ப ஏறும்.

இப்போது டிடிஎச்சுக்குப் போடும் சாதாரண ஆர்ஜி-6-ஐப் பாருங்கள். 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டருக்கு ஏறத்தாழ 2.5 டெசிபல். ஆர்ஜி-213-க்குச் சமம்! சுண்டுவிரல் தடிமன் கூட இல்லாத, எலெக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் கேபிள், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கேபிளோடு போட்டி போடுகிறது. அதன் உள்ளே இருப்பது திட பிளாஸ்டிக் இல்லை, நுரை. காற்று அதிகம் கலந்த பிளாஸ்டிக்கில் இழப்பு குறைவு. 75 ஓம் என்பதும் இழப்பு குறைந்த பக்கம். இரண்டும் சேர்ந்து அதற்குக் கைகொடுக்கின்றன.

அதிர்வெண் ஏற ஏற இழப்பும் ஏறும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 30 மீட்டர் ஆர்ஜி-58, 7 மெகாஹெர்ட்ஸ் ஷார்ட்வேவ் பேண்டில் 1.2 டெசிபல் மட்டுமே எடுத்துக்கொள்ளும். அது யாருக்கும் தெரியப்போவதில்லை. அதனால் ஷார்ட்வேவ் மட்டும் போதும் என்பவர்கள் தடிமன் கேபிளுக்குச் செலவு செய்ய வேண்டியதே இல்லை. 435 மெகாஹெர்ட்ஸிலோ அதே கேபிள் 12 டெசிபலை விழுங்கும். 5 வாட்டில் மேலே போவது மூன்றில் ஒரு வாட் கூட இல்லை. ஆகவே "எந்தக் கேபிள் நல்லது?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த அதிர்வெண், எத்தனை மீட்டர் என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். ஐந்து மீட்டர்தான் தூரம் என்றால் 145-லும் ஆர்ஜி-58 தாராளமாகப் போதும், இழப்பு ஒரு டெசிபல்தான்.

75 ஓமை 50 ஓமில் மாட்டலாமா?

"மாட்டவே கூடாது" என்று பலரும் பயமுறுத்துவார்கள். கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

50 ஓமும் 75 ஓமும் சந்திக்கும் இடத்தில் சிக்னலில் ஒரு பகுதி திரும்பி வரும். எவ்வளவு? 100-க்கு 4 பங்கு. டெசிபலில் சொன்னால் 0.2-க்கும் குறைவு. எஸ்டபிள்யூஆர் மீட்டரில் 1.5 என்று காட்டும். கேட்பதற்கு மட்டும் டாங்கிள் வைத்திருப்பவர்கள் இந்த 4 சதவீதத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 6 டெசிபல் இழக்கும் 'சரியான' கேபிளைவிட, 2.5 டெசிபல் இழக்கும் 'தவறான' கேபிள் பல மடங்கு மேல்.

ஒலிபரப்புபவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. 50 ஓம் ஆன்டெனாவை 75 ஓம் கேபிளில் மாட்டினால், கீழ் முனையில் செட் பார்ப்பது 50 ஓமாகவும் இருக்கலாம், 112 ஓமாகவும் இருக்கலாம், இடையில் எதுவாகவும் இருக்கலாம். அது கேபிளின் நீளத்தைப் பொறுத்தது. மோசமான நீளம் அமைந்துவிட்டால் மீட்டர் 2.25 வரை காட்டும். கேபிள் நீளமாக இருந்தால் அதில் ஏற்படும் இழப்பால் இது கொஞ்சம் குறைவாகவே தெரியும். என்றாலும் பல செட்டுகள் 2-ஐத் தாண்டினால் தாங்களாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும்.

இதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. கீழ் முனையில் கால் அலை நீளத்திற்கு அதே 75 ஓம் கேபிளில் ஒரு துண்டைச் சேர்த்தால் நிலைமை தலைகீழாகும். 112 ஓம் இருந்த இடத்தில் 50 வந்து நிற்கும். ஆர்ஜி-6-ல் 145 மெகாஹெர்ட்ஸிற்கு இந்தத் துண்டு சுமார் 43 சென்டிமீட்டர். இரண்டு முனையிலும் கனெக்டர் போட்டு ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிப் பாருங்கள், கழற்றிப் பாருங்கள், எது நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் எளிய வழி, ஆன்டெனாவையே கேபிளுக்கு ஏற்றதாகத் தேர்ந்தெடுப்பது. இரண்டு பக்கமும் சமமாக நீட்டிய அரை அலை டைபோல், தடையில்லாத வெளியில் ஏறத்தாழ 73 ஓம். ஆர்ஜி-6-க்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. 145 மெகாஹெர்ட்ஸிற்கு மொத்த நீளம் சுமார் 98 சென்டிமீட்டர், பக்கத்திற்கு 49. இரண்டு அலுமினியக் குழாய்களும் ஒரு பிவிசி துண்டும் போதும். நீளம் என்னவாக இருந்தாலும் செட் பார்ப்பது 75 ஓம் பக்கத்திலேயே இருக்கும், மீட்டர் 1.5-ஐ ஒட்டியே நிற்கும். முதல் ஆன்டெனா போடுபவர்களுக்கு நான் சொல்வது இந்த ஜோடியைத்தான்.

மீட்டர் நல்லது சொன்னாலும் நம்பாதீர்கள்

எஸ்டபிள்யூஆர் மீட்டர் 1.5 காட்டினால் எல்லாம் சரி என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது எப்போதும் உண்மை இல்லை. அந்த 30 மீட்டர் ஆர்ஜி-58-ஐ மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். மாடியில் ஆன்டெனா காற்றில் பிய்ந்து விழுந்துவிட்டது, கேபிளின் நுனி அந்தரத்தில் தொங்குகிறது என்று வையுங்கள். கீழேயிருந்து போகும் சிக்னல் 6 டெசிபல் இழந்து மேலே போகிறது. போக வழியில்லாமல் முழுவதும் திரும்புகிறது. வரும் வழியில் இன்னொரு 6 டெசிபலை இழக்கிறது. மொத்தம் 12. கீழே உள்ள மீட்டருக்குத் திரும்பி வருவது பதினாறில் ஒரு பங்குதான். அது 1.7 என்று காட்டும். ஆன்டெனாவே இல்லை, மீட்டர் "பரவாயில்லை" என்கிறது! மழைநீர் புகுந்து கெட்டுப்போன கேபிளிலும் இதே கதைதான். கேபிள் கெடக் கெட, மீட்டரில் எண் அழகாகிக்கொண்டே போகும்.

இதையே நமக்குச் சாதகமாகத் திருப்பலாம். நானோவிஎன்ஏ என்ற கையடக்கக் கருவி 2019 முதல் பரவலாகக் கிடைக்கிறது. யுஎஸ்பி மூலம் கம்ப்யூட்டருடன் இணைத்து, நானோவிஎன்ஏ சேவர் என்னும் இலவச சாஃப்ட்வேரில் பெரிய திரையில் வரைபடமாகப் பார்க்கலாம். கேபிளின் மறுமுனையில் எதையும் மாட்டாமல் திறந்து வைத்து, ரிட்டர்ன் லாஸ் என்ற அளவைப் பாருங்கள். அதில் பாதிதான் கேபிளின் இழப்பு. 5 டெசிபல் காட்டினால் கேபிள் 2.5 டெசிபல் எடுக்கிறது. 75 ஓம் கேபிளில் இந்த வரைபடம் மேலும் கீழுமாக அலையும், நடுவாக ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கேபிள் வாங்கியவுடன் ஒரு முறை அளந்து, ஃபைலாகச் சேமித்து வைத்துவிட்டால், ஒவ்வொரு மழைக்காலம் முடிந்தபின்னும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

கேபிள்களைச் சேர்ப்பது

ஒரே ஓம் உள்ள இரண்டு வகைக் கேபிள்களை ஒன்றோடொன்று இணைப்பதில் தவறே இல்லை. ஆர்ஜி-213-உம் ஆர்ஜி-58-உம் இரண்டுமே 50 ஓம், ஆகவே சந்திக்கும் இடத்தில் எதுவும் திரும்பி வராது. இழப்புகள் கூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். தடித்த கேபிளை நேரடியாகக் கைச் செட்டிலோ டாங்கிளிலோ மாட்டினால், அதன் கனத்தில் சின்ன கனெக்டர் முறிந்துவிடும். அதனால் மாடியிலிருந்து ஜன்னல் வரை தடித்த கேபிள், ஜன்னலிலிருந்து மேஜை வரை ஒன்றரை மீட்டர் ஆர்ஜி-58 என்று போடுவது வழக்கம். அந்தத் துண்டில் இழப்பு ஏறத்தாழ 0.3 டெசிபல். பேசாமல் ஏற்றுக்கொள்ளலாம். டாங்கிளோடு வரும் பென்சில் லெட் போன்ற மெல்லிய கேபிளை மட்டும் நீட்டிக்க வேண்டாம். அது ஒரு முழத்திற்கு மேல் எதற்கும் லாயக்கில்லை.

வேண்டுமென்றே வேறு ஓம் உள்ள துண்டைச் சேர்ப்பதும் உண்டு. இதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கால் அலை நீளமுள்ள ஒரு கேபிள் துண்டு, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போல வேலை செய்யும். துண்டின் ஓமை அதே எண்ணால் பெருக்கி, மறுமுனையில் உள்ள ஓமால் வகுத்தால், இந்தப் பக்கம் தெரியும் ஓம் கிடைக்கும். 75-ஐ 75-ஆல் பெருக்கினால் 5,625. அதை 50-ஆல் வகுத்தால் 112.5. மேலே சொன்ன 112 ஓம் இங்கிருந்து வந்ததுதான்.

இதை வைத்து இரண்டு ஆன்டெனாக்களை இணைத்திடலாம். இரண்டு 50 ஓம் ஆன்டெனாக்களைச் சும்மா ஒரு டி கனெக்டரில் சேர்த்தால் 25 ஓம் ஆகிவிடும், மீட்டர் 2 காட்டும். ஒவ்வொரு ஆன்டெனாவிலிருந்தும் கால் அலை 75 ஓம் துண்டு வழியாக டி-க்குக் கொண்டுவந்தால், ஒவ்வொன்றும் 112 ஓமாகத் தெரியும். இரண்டும் சேர்ந்து 56 ஓம். 50-க்கு எவ்வளவு பக்கம் பாருங்கள்! அங்கிருந்து கீழே வழக்கமான 50 ஓம் கேபிள் இறக்கலாம். இரண்டு ஆன்டெனாக்கள் சேரும்போது சிக்னல் ஏறத்தாழ இரு மடங்காகும். 6 டெசிபல் கேபிளை மாற்றாமல் இரண்டாவது ஆன்டெனா மாட்டுவது ஓட்டை வாளிக்கு இரண்டு குழாய் திறப்பது மாதிரி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

துண்டின் நீளத்தைக் கணக்கிடுவது எப்படி? 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலை நீளம் மீட்டரில் கிடைக்கும். 145-க்கு 2.07 மீட்டர், அதில் கால் பங்கு 51.7 சென்டிமீட்டர். ஆனால் கேபிளுக்குள் அலை மெதுவாகப் போகும். திட பிளாஸ்டிக் உள்ள ஆர்ஜி-59-ல் வெட்டவெளி வேகத்தில் 66 சதவீதம்தான். ஆகவே 51.7-ஐ 0.66-ஆல் பெருக்கி 34 சென்டிமீட்டராக வெட்ட வேண்டும். நுரை கேபிளில் 0.82 முதல் 0.85 வரை இருக்கும், தயாரிப்பாளரின் அட்டவணையைப் பாருங்கள். கம்ப்யூட்டர் இருக்கிறதே, எக்ஸெல்லில் ஒரு சின்ன அட்டவணை போட்டுவிட்டால் எந்த அதிர்வெண்ணுக்கும் நொடியில் நீளம் கிடைக்கும்.

ஒரு நடைமுறைச் சங்கடம். இரண்டு ஆன்டெனாக்களையும் கம்பத்தில் மேலும் கீழுமாக ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இடைவெளியில் வைக்க வேண்டும். 34 சென்டிமீட்டர் துண்டுகள் எட்டாது. கவலை வேண்டாம், கால் அலைக்குப் பதில் முக்கால் அலை வைத்தாலும் அதே பலன்தான். ஆர்ஜி-59-ல் அது 1.02 மீட்டர். இரண்டும் சேர்ந்தால் இரண்டு மீட்டர் எட்டும். இரண்டு துண்டுகளும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். நடுக் கம்பியை இரண்டு ஆன்டெனாக்களிலும் ஒரே பக்கத்தில், அதாவது இரண்டிலும் மேல் குழாயிலேயே இணைக்க வேண்டும். ஒன்றை மாற்றி இணைத்தால் நேர் எதிரே உள்ளவருக்கு இரண்டு சிக்னல்களும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

டி.வி. ஸ்ப்ளிட்டரை வைத்து இரண்டு ஆன்டெனாக்களைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கேட்பதற்கு மட்டும் என்றால் சேர்க்கலாம். ஒலிபரப்பும் செட்டை அதில் மாட்டக் கூடாது, உள்ளே உள்ள குட்டிச் சுருள்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

கனெக்டரும் மழையும்

கனெக்டர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஷார்ட்வேவுக்கும் 145-க்கும் பிஎல்-259 போதும். 435-க்குப் போகிறவர்கள் என் வகைக் கனெக்டர் வாங்குங்கள். அது ஓம் மாறாமல் பார்த்துக்கொள்ளும், தண்ணீரையும் ஓரளவு தடுக்கும். ஆர்ஜி-6-ன் வலை பெரும்பாலும் அலுமினியம், அதில் ஈயம் ஒட்டாது. சால்டரிங் அயர்னோடு போராடாமல், டிடிஎச் ஆட்கள் போடும் அழுத்து வகை எஃப் கனெக்டர் போட்டு, அதன் மேல் பிஎன்சி அல்லது எஸ்எம்ஏ அடாப்டர் மாட்டிக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைத் தெருக்களில் இந்த அடாப்டர்கள் கிடைக்கும். வாங்கும்போது ஆர்ஜி-6-ன் வலையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பின்னல் நாலே நாலு இழையாக இருந்தால் வேறு பிராண்ட் கேளுங்கள். கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் போடும் இரைச்சல் எல்லாம் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் உள்ளே வரும்.

மாடியில் உள்ள இணைப்பு மழையில் நனையக் கூடாது. தண்ணீர் வலைக்குள் புகுந்தால், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல உள்ளே இழுத்துக்கொண்டே போகும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்து இரண்டே வருடத்தில் கேபிளைத் தீர்த்துவிடும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். வெயிலுக்குக் கறுப்பு உறைதான் தாங்கும். வெள்ளை உறைக் கேபிளை வீட்டிற்குள் மட்டும் வையுங்கள்.

டாங்கிளையே மேலே ஏற்றினால்?

கேபிளில் இழப்பு என்றால் கீழே ஒரு பூஸ்டர் வைத்தால் சரியாகாதா? ஆகாது. கீழே வந்து சேர்வதற்குள் சிக்னல் தேய்ந்துவிட்டது. டாங்கிளின் சொந்த இரைச்சல் அப்படியே இருக்கிறது. பூஸ்டர் இரண்டையும் சேர்த்துப் பெரிதாக்கும். வைப்பதானால் மேலே, ஆன்டெனாவின் காலடியில் வைக்க வேண்டும். உங்கள் டிடிஎச் டிஷ் இதைத்தான் செய்கிறது. டிஷ்ஷின் மூக்கில் உள்ள எல்என்பி, 11, 12 ஆயிரம் மெகாஹெர்ட்ஸில் வரும் சிக்னலைப் பெரிதாக்கி, 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸிற்குள் இறக்கி, அதன் பிறகுதான் கேபிளில் விடுகிறது. அதற்கான மின்சாரமும் அதே கேபிளில்தான் 13 அல்லது 18 வோல்ட்டாக மேலே போகிறது. சில ரேடியோ டாங்கிள்களிலும் இந்த வசதி உண்டு, சாஃப்ட்வேரில் பயஸ் டி என்ற இடத்தில் டிக் செய்தால் 4.5 வோல்ட் மேலே போகும். மேலே பூஸ்டர் இல்லாதபோது அதை டிக் செய்ய வேண்டாம்.

கேட்பதற்கு மட்டும் என்றால் இன்னொரு வழி எனக்குப் பிடிக்கும். டாங்கிளையும் ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு குட்டிக் கம்ப்யூட்டரையும் ஒரு பெட்டிக்குள் வைத்து, மாடிப்படி அறையின் நிழலில் மாட்டிவிடலாம். கோஆக்ஸியல் இரண்டு மீட்டர் போதும். அதில் ஆர்டிஎல் டிசிபி என்ற இலவச புரோகிராமை ஓடவிட்டால், சிக்னல் நெட்வொர்க் கேபிள் வழியாகக் கீழே உள்ள உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். நெட்வொர்க் கேபிளில் 100 மீட்டர் வரை எந்த இழப்பும் தெரியாது. யுஎஸ்பி கேபிளை நீட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், 5 மீட்டருக்கு மேல் அது தகராறு செய்யும்.

எந்தக் கேபிள் போட்டாலும், ஜன்னலுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு, பிறகு மேலே ஏற்றி உள்ளே கொண்டுவாருங்கள். மழைநீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும், சுவர் வழியாக உள்ளே வராது. கம்பத்தைத் தடித்த செம்புக் கம்பியால் தரையில் எர்த் செய்யுங்கள். இடி இடிக்கும் அறிகுறி தெரிந்தவுடன் டாங்கிளிலிருந்து கேபிளைக் கழற்றி, ஜன்னலுக்கு வெளியே தள்ளி வைத்துவிடுங்கள். நேராக விழாத மின்னல் கூட, பக்கத்துத் தெருவில் இறங்கினால் போதும், அந்தக் கேபிள் வழியாக யுஎஸ்பி போர்ட்டிற்கும் அங்கிருந்து மதர்போர்டிற்கும் வந்து சேரும். ஊருக்குப் போகும்போதும் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.